வாடை அறுந்த இடம்

லூர்துமேரி கேப்பை மாவைக் கரைத்து உலையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது கெங்கம்மாளிடமிருந்து போன் வந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மாசிப் பனி ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"லூர்து, ஒன் நாய இட்டுக்கினு ஜல்தியா வாடி. பட்டியில எதுவோ பூந்து ஆட்டையெல்லாம் கடிச்சிப் போட்டுருக்குது."

"எதும்மா? நரியா?"

"அது தெரிஞ்சா ஒன்ன ஏன் கூப்புடறேன்? வெயிலு ஏறறதுக்குள்ள வா."

வெயில் ஏறுவதற்குள் என்று கெங்கம்மாள் சொன்னது சரிதான். பனி ஈரம் காய்கிறவரைக்கும்தான் புல்லிலும் மண்ணிலும் வாடை நிற்கும். லூர்துமேரி அடுப்பைத் தணித்துவிட்டு, கிளறிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வேப்பமரத்தில் கட்டியிருந்த செவத்தாளை அவிழ்த்தாள்.

செவத்தாள் எட்டு வயதுப் பெட்டை. செம்மண் நிறம், ஒட்டிய வயிறு, வலது காதில் பன்றி கிழித்த வடு. பிரம்மதேசத்தைச் சுற்றி ஏழெட்டு ஊருக்கு அதைத் தெரியும். திருடு போன கிணற்று மோட்டாரைத் தைலமரத் தோப்பில் சருகுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தது அதுதான். ஓமந்தூர்க்காரர் ஒருவரின் கன்றுக்குட்டி பாழுங்கிணற்றில் விழுந்து இரண்டு நாளாகக் கத்திக் கிடந்ததைக் கண்டுபிடித்ததும் அதுதான். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் முயலுக்குப் போவார்கள். வனத்துறை கெடுபிடி வந்த பிறகு அது நின்றுபோனது. இப்போது நாய்களுக்கு வேலை காட்டுப்பன்றியோடு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காய் பிடிக்கும் காலத்தில் பன்றி எந்த வரப்பு வழியாக இறங்குகிறது, எந்த முள்ளுக்காட்டில் போய்ப் படுக்கிறது என்று மோந்து காட்ட வேண்டும். இறங்கினால் துரத்த வேண்டும். நாய்க்குப் பின்னால் யார் நடந்தாலும் வாடையைப் படிக்கத் தெரிந்தவள் லூர்துமேரி என்று ஊரும் ஒத்துக்கொண்டிருந்தது, காலனியும் ஒத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே விஷயத்தை ஒத்துக்கொள்வது அபூர்வம்.

கெங்கம்மாளின் பட்டி, மூங்கில் பிளாச்சும் பழைய மீன்வலையும் சேர்த்துக் கட்டிய இடுப்பளவு அடைப்பு. உள்ளே மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. மிச்சம் இரண்டு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடுங்கின. கெங்கம்மாள் சாணிக்கும் புழுக்கைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளாட்டின் தலை அவள் மடியில் இருந்தது. கை அதன் வயிற்றின் மேல் இருந்தது.

"சினை. உள்ள குட்டி இப்ப வரிக்கும் அசைஞ்சிது லூர்து. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நின்னுச்சி."

லூர்துமேரி குனிந்து கழுத்தைப் பார்த்தாள். நான்கு பல் ஆழமாக இறங்கியிருந்தது. வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு வாய் தின்றிருக்கவுமில்லை. பசிக்குக் கடித்ததல்ல. ஓடியதைத் துரத்தி, பிடித்து, உதறி, போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறது.

கெங்கம்மாளின் மகன் திருமுருகன் கம்பெனி ஷிப்டு முடிந்து விடுமுறைக்கு வந்திருந்தான். கையில் பம்புசெட்டு இரும்புக் குழாய். "விடுங்கக்கா நாய. எங்க போறான்னு பாக்கலாம்" என்றான். பக்கத்து நிலத்துக்காரர் சீனுவாசனும், இன்னும் நாலைந்து பேரும் வந்து நின்றார்கள்.

செவத்தாள் செத்த ஆட்டின் கழுத்தை மோந்தது. வலை கிழிந்திருந்த இடத்தை மோந்தது. அந்நிய வாடை பட்டால் அதன் வால் கம்பு மாதிரி நின்றுவிடும். முதுகு மயிர் எழும்பும். பன்றியானாலும் அப்படித்தான், திருடனானாலும் அப்படித்தான். லூர்துமேரி அதற்காகக் காத்திருந்தாள்.

வால் ஆடியது.

ஒரு தரம். பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் வேகமாக. குட்டியைப் பார்க்கும்போது ஆட்டுகிற மாதிரி.

செவத்தாள் ஆறு குட்டி போட்டது. அதில் இந்த ஊரில் இருப்பது ஒன்றுதான். லூர்துமேரியின் சூரன்.

"இன்னாக்கா, புடிச்சிக்கிச்சா?"

"ம்" என்றாள்.

நாய் இழுத்துக்கொண்டு போனது. அறுத்த நெல் கட்டை வழியாக, புங்கமர வரப்பு ஏறி, ஏரிக்கால்வாய் வரைக்கும். ஆட்கள் பின்னால் வந்தார்கள். பனியில் எல்லார் காலும் நனைந்திருந்தது. கால்வாயில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அக்கரையில் இடப்பக்கம் சீனுவாசனின் மல்லாட்டை நிலமும் மோட்டார் கொட்டகையும். வலப்பக்கம் செங்கல் சூளை. இந்தப் பருவத்தில் சூரன் இருப்பது அந்த மோட்டார் கொட்டகையில்தான். அவள் புருஷன் அறிவுச்செல்வன் அதை வைத்துக்கொண்டு சீனுவாசன் நிலத்துக்குக் காவல் படுக்கிறான்.

செவத்தாள் தண்ணீரில் கால் வைத்து இடப்பக்கம் மூக்கைத் திருப்பியது. அதற்குள் லூர்துமேரி கயிற்றைச் சுருக்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். இழுத்து உட்காரவைத்தாள். நாய் அவளை நிமிர்ந்து பார்த்தது. வாடை இருக்கும்போது அவள் அதை நிறுத்தியது அதுதான் முதல் முறை.

"தண்ணியில வாடை அறுந்துபோச்சி" என்றாள்.

எல்லாரும் நின்றார்கள். அக்கரையில் சூளை மேட்டின் மேல் ஒரு கறுப்பு நாய் வந்து நின்று அவர்களைப் பார்த்துக் குரைத்தது. சூளைக் காவல்காரர் மண்ணாங்கட்டியின் நாய். பூச்சி என்று பேர்.

"அறுந்தா இன்னாக்கா, அதான் எதுருக்க நின்னுக்கினு கீதே" என்றான் திருமுருகன்.

அது இல்லப்பா என்று சொல்ல வேண்டும். லூர்துமேரி வாயைத் திறந்தாள். "நான் ஒண்ணும் பாக்கலப்பா" என்றுதான் வந்தது.

சீனுவாசன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மொதல்ல ஆட்டப் பொதைங்க. வெயிலு வந்தா நாறிப்பூடும். அப்பறம் பாத்துக்கலாம்" என்று ஆட்களைத் திருப்பிக்கொண்டு போனார்.

*

ஆட்கள் மறைகிறவரை கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கயிற்றைத் தளர்த்தினாள். செவத்தாள் கால்வாயைத் தாண்டி, வரப்பில் நேராக ஓடி, மோட்டார் கொட்டகை வாசலில் போய் நின்று முனகியது.

அறிவுச்செல்வன் தொட்டியடியில் சூரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். துணி சோப்பு நுரை தரையெல்லாம் ஓடியது. அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"எப்ப பாத்த?" என்று கேட்டாள்.

"காலையில வந்தப்ப. வாயெல்லாம் ரத்தம். பன்னிதான்னு நெனைச்சேன். அப்பறம் காலு நகத்துல பாத்தேன், வெள்ள மயிரு."

"ராத்திரி நீ இங்க இல்லையா?"

"திண்டிவனத்துல லாரி வந்துகீது, மூட்டை எறக்க ஆளு இல்லன்னு மேஸ்திரி கூப்புட்டாரு. போனேன்."

"கட்டிட்டுப் போறதுக்கு இன்னாய்யா?"

"கட்டிட்டுப் போனா பன்னி வந்தா யாரு தொரத்துவா? நானா? காவலு இருக்கறதே அவன நம்பித்தான?"

சூரன் ஈர உடம்போடு அவளிடம் வந்து தலையை முழங்காலில் முட்டியது. அவள் அதன் வாயைப் பிரித்துப் பார்த்தாள். நான்கு கோரைப் பல். இரண்டு வயது நாயின் வெள்ளைப் பல்.

அந்த ஈற்றில் அவளே பொறுக்கி எடுத்த குட்டி. கண் திறந்து ஒரு மாதம் ஆனதும் ஆறையும் வெயிலில் ஒரு சாக்கின் மேல் போட்டு, செவத்தாள் எதை முதலில் நிழலுக்குத் தூக்குகிறது என்று பார்த்தாள். தூக்கியது இதைத்தான். பிடரியைப் பிடித்துத் தொங்கவிட்டபோது இது கத்தவில்லை. அதெல்லாம் எல்லாரும் பார்ப்பது. அவள் இன்னொன்று செய்தாள். கருவாட்டுத் தலையை வாசல் முழுக்கத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போய் ஒரு சட்டியின் கீழே கவிழ்த்து வைத்தாள். ஐந்து குட்டிகள் சட்டியைச் சுற்றி நின்று பிராண்டி அழுதன. இது மட்டும் சட்டியை ஒரு சுற்று மோந்துவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, அவள் காலடிக்கு வந்து, அவள் கையை நக்கியது. யார் வைத்தார்கள் என்று கண்டுபிடித்துவிட்டது. அறிவுச்செல்வன் பெரிய வெள்ளைக் குட்டியை வைத்துக்கொள்ளலாம் என்றான். அவள் கேட்கவில்லை.

பச்சைக் கறி காட்டியதில்லை. கோழிக்கடையில் தலையும் காலும் வாங்கி வந்தாலும் கேப்பைக் கூழோடு வேகவைத்துத்தான் ஊற்றினாள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் வீட்டில் மனிதர்கள் கறி தின்னாதபோதும் நாய்க்கு மட்டும் கோழிக்கால் வெந்தது. வீட்டில் இரண்டு ஆடு கட்டியிருந்தாள். அவற்றோடு ஒட்டிப் படுத்து வளர்ந்த நாய் இது.

"நம்ம ஆட்ட ஒரு நாளு மொறைச்சதில்லையே மேரி" என்றான் அறிவுச்செல்வன்.

"நம்ம ஆடுன்னு தெரியும். அதனால."

"இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

"கெங்கம்மாகிட்ட போயி சொல்லிடலாம்."

"பைத்தியமா ஒனக்கு?" அவன் எழுந்து நின்றான். "கெங்கம்மா மட்டுமா வருவா? காலனி நாயி ஊருக்குள்ள பூந்து ஆட்டக் கடிச்சிட்டுதுன்னு ஆவும். போன வருசம் பைக்கு ஒரசினதுக்கே எத்தினி நாளு பேஜாரு? போலீஸ் ஜீப்பு நின்னுச்சா இல்லையா? நாளைக்கு நம்ம தெருவுல ஒரு நாயிக்கும் உசுரு இருக்காது. சோத்துல மருந்து வெச்சிடுவானுங்க. செவத்தாளையும் சேத்துத்தான்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

வரப்பில் செருப்புச் சத்தம் கேட்டது. சீனுவாசன். ஈர நாயையும் சோப்பு நுரையையும் பார்த்தார். ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, பருப்பு முற்றியிருக்கிறதா என்று பார்த்தார்.

"நீ கயித்த இழுத்தப்பவே நெனைச்சேன்" என்றார். "இந்தா லூர்து. நடந்தது நடந்துபோச்சி. இன்னும் இருவது நாளுல புடுங்கிடுவேன். அதுவரிக்கும் எனக்கு இந்த நாயி வேணும். கெங்கம்மாவுக்கு நான் எதுனா பாத்து செய்யறேன். நீ வாயத் தொறக்காத."

"பூச்சி மேல பழி வந்துடும்ண்ணா."

"எவன் போயி அந்தக் கெழட்டு நாய இன்னா பண்ணப் போறான்? சும்மா நாலு சத்தம் போட்டுட்டு வுட்டுடுவானுங்க. போ, போயி வேலையப் பாரு."

*

வீட்டுக்கு வந்து அடுப்பை மறுபடி மூட்டினாள். கூழ் கட்டி தட்டிப்போயிருந்தது. செவத்தாளுக்கு ஊற்றினாள், அது நக்கித் தின்றது. அவளுக்கு இறங்கவில்லை. அறிவுச்செல்வன் பின்னாலேயே வந்து, பழைய சோறு தின்றுவிட்டு, ராத்திரித் தூக்கத்தைத் தூங்கினான். அவள் ஆடுகளுக்கு அகத்திக் கிளை ஒடித்துப் போட்டாள். ஒடித்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெங்கம்மாள் நிலத்தில் களை எடுக்கப் போனால் மற்றவர்களுக்கு வாசலில், இவளுக்கு மட்டும் பின்கட்டில் உட்காரவைத்துச் சோறு போடுவாள். அதை மரியாதை என்பதா என்று லூர்துமேரிக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மகள் ஜெசிந்தா பிறந்தபோது ஆட்டுப்பால் மூன்று மாதம் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. ஜெசிந்தா இப்போது புதுச்சேரியில் புருஷன் வீட்டில் இருக்கிறாள்.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் போன் அடித்தது.

"மேரி, நான்தாம்மா, சூளை பெரியப்பா."

மண்ணாங்கட்டிக்கு எழுபதுக்குப் பக்கம். உறவென்று கிட்டத்தில் இல்லை, தெருவில் எல்லாருக்கும் பெரியப்பா. பெண்டாட்டி செத்த பிறகு சூளையிலேயே தங்கிவிட்டார்.

"சொல்லு பெரியப்பா."

"பத்து பேரு வந்துகீறாங்கம்மா. பூச்சிதான் கடிச்சிதுன்றாங்க. இவன் ராத்திரியெல்லாம் என் காலாண்டயே படுத்துக்கினு இருந்தான். சொன்னா கேக்கல. நீதான் நாய வுட்டுப் பாத்து சொன்னேன்றாங்க. நீ அப்பிடி சொல்லியிருக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். நாயப் பத்தி நீ சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ தாயி."

பின்னால் யாரோ கத்துவது கேட்டது. போன் அறுந்தது.

அவள் செருப்பைத் தேடும்போது அறிவுச்செல்வன் எழுந்து உட்கார்ந்தான்.

"எங்க?"

"சூளைக்கு."

"போவாத."

"பெரியப்பா கூப்புட்டுச்சி."

"அது கெழட்டு நாயி மேரி. இன்னும் ஒரு வருசம் இருக்குமா? சூரன வுட்டுக்குடுத்துட்டு இன்னா பண்ணுவ? இந்த மாதிரி ஒரு நாயி இனிமே கெடைக்குமா ஒனக்கு? நீயே சொல்லு."

"கெடைக்காது."

"அப்ப?"

அவள் வாசலில் இறங்கினாள். அவன் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். அவள் நடந்தாள். புங்கமர வரப்பு வந்ததும் ஓடினாள்.

சூளையில் வேலை நின்றிருந்தது. வேலமரத்தில் பூச்சியைக் கட்டியிருந்தார்கள். வாய் கிழவரின் துண்டால் இறுக்கப்பட்டிருந்தது. மண்ணாங்கட்டி அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, நாயை மறைத்துக்கொண்டிருந்தார். திருமுருகன் குழாயோடு நின்றான். கெங்கம்மாளும் வந்திருந்தாள். அடுக்கிய சுடாத பச்சைச் செங்கல் நிழலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இதோ வந்துட்டாங்க. அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றான் திருமுருகன்.

லூர்துமேரி மூச்சு வாங்கியபடி நேராக நாயிடம் போனாள். துண்டை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் தாடையைப் பிரித்துப் பிடித்தாள்.

"பாரு. எல்லாரும் வந்து பாருங்க. முன்னாடி ஒரு பல்லு கீதா? கோரப்பல்லு நாலும் கொட்டிப்போச்சி. வெறும் ஈறு. இது கூழக்கூட நக்கித்தான் குடிக்குது. ஆட்டுக் கழுத்துல எறங்கினது நாலு பல்லு. இது எப்பிடிக் கடிக்கும்?"

யாரோ குனிந்து பார்த்தார்கள். "ஆமாண்டா, பல்லு இல்ல" என்றார்கள். திருமுருகன் குழாயைத் தோளிலிருந்து இறக்கினான்.

அதோடு முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். முடிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வழியெல்லாம் ஓடி வந்தாள். பல்லைக் காட்டிவிட்டால் போதும். பூச்சியும் பிழைக்கும், சூரனும் பிழைக்கும்.

நிழலிலிருந்து கெங்கம்மாளின் குரல் வந்தது. சத்தமில்லாத குரல்.

"அப்ப எதுடி கடிச்சது?"

லூர்துமேரி நாயின் வாயை விட்டாள். கையில் எச்சில் ஒட்டியிருந்தது. கெங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னுதும்மா."

"எது ஒன்னுது?"

"என் சூரன். மோட்டார் கொட்டாயில இருந்தான். கட்டாம வுட்டுட்டோம்."

கெங்கம்மாள் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"பட்டியிலயே தெரிஞ்சிடுச்சி."

"பட்டியிலயேவா?" கெங்கம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "சினை ஆடு என் மடியில கெடந்தப்ப, நீ பக்கத்துல நின்னுக்கினு இருந்தியே, அப்பவேவா?"

"ஆமாம்மா."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கெங்கம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"நாயி வாயில்லா ஜீவன். அது கடிக்கும். ஒன்னதான் நான் பெருசா நெனைச்சிட்டேன். இனிமே என் வாசப்படி மிதிக்காத. அந்த நாயி இந்த ஊருல இருக்கக்கூடாது. கொல்றியோ, எங்கனா கொண்டும்போயி தொலைக்கறியோ. அடுத்த வெள்ளிக்கெழமைக்கு அது இங்க இருந்துச்சின்னா என் புள்ளைய நான் தடுக்கமாட்டேன்."

ஆட்கள் கலைந்தார்கள். "இதுக்குத்தான் இவங்கள நம்பக்கூடாதுன்றது" என்று போகிறபோக்கில் ஒருவன் சொன்னான். அது தன்னை மட்டும் சொன்னதல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

மண்ணாங்கட்டி வேலமரத்துக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரமானது. அவள் உதவப் போனாள். அவர் கையை நகர்த்திக்கொண்டார். கயிறு விட்டதும் பூச்சி எழுந்திருக்கப் பார்த்து, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அப்போதுதான் பார்த்தாள். பின்னங்கால் ஒன்று தொடைக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. அவள் வருவதற்கு முன்பே ஓர் அடி விழுந்திருக்கிறது.

"பெரியப்பா" என்றாள்.

"வந்தியே, அது போதும்" என்றார் அவர். நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குடிசைக்குள் போனார். அவள் முகத்தை அவர் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

*

அன்று சாயங்காலம் லூர்துமேரி தன் இரண்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போய்க் கெங்கம்மாள் வீட்டு வேலிக்கு வெளியே நின்றாள். வாசற்படியை மிதிக்கவில்லை. கெங்கம்மாள் வந்து இரண்டு கயிற்றையும் வாங்கிக்கொண்டு பட்டிப் பக்கம் போனாள். ஒன்றையாவது திருப்பிக் கொடுப்பாள் என்று அறிவுச்செல்வன் சொல்லியிருந்தான். கொடுக்கவில்லை.

பிறகு அவனும் அவளோடு பேசவில்லை. சீனுவாசன் ஒருமுறை வந்து தெருமுனையில் நின்றபடி, "ஒன் நல்லதுக்குத்தான சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு நாளில் பன்றி அவர் நிலத்தில் இறங்கி ஒரு மூலையையே உழுதுபோட்டது. காலனியில் இரண்டு பேர் அவரவர் நாயைக் கட்டிப் போட்டு, கூழைத் தங்கள் கையாலேயே ஊற்றினார்கள். வெளியில் கிடந்ததைத் தின்றுவிடுமோ என்ற பயம். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும் நேருக்கு நேராகவே கேட்டாள்: "பல்ல காட்டிட்டு வந்திருக்கலாமில்ல? அவங்க கேட்டா, தெரியலன்னு சொல்றதுக்கு இன்னா?"

லூர்துமேரிக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

தினமும் சூளைக்குப் போனாள். மூங்கில் சிம்பை நாலாகப் பிளந்து, பழைய வேட்டியைக் கிழித்து, பூச்சியின் காலை நேராக வைத்துக் கட்டினாள். திண்டிவனம் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர், வயதான எலும்பு, ஒட்டினால் உண்டு என்று சொல்லியிருந்தார். மண்ணாங்கட்டி நாயின் தலையைப் பிடித்துக்கொள்வார். கட்டு முடிந்ததும் அவள் கொண்டுவந்த கூழ் தூக்கை வாங்கிக்கொள்வார். வெயிலைப் பற்றியும், கல் காய்வதைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

சூரன் வீட்டு வேப்பமரத்தில் சங்கிலியில் இருந்தது. அறிவுச்செல்வன் அதற்குத் தண்ணீர் வைத்தான், உண்ணி பொறுக்கினான், அதனோடு மட்டும் பேசினான். "மறந்துடுவான். கொஞ்ச நாளு கட்டி வெச்சா எல்லாம் சரியாப்பூடும்" என்று அவள் காதில் விழும்படி அதனிடம் சொன்னான். அவளுக்கும் ஆசை இருந்தது. ஒரு நாள் மத்தியானம் மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் தெரு வழியாகத் திரும்பின. தூங்கிக்கொண்டிருந்த சூரன் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. சங்கிலி விறைக்கிறவரை முன்னால் போய், உடம்பைத் தாழ்த்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசி ஆடு மறைகிறவரை பார்த்தது. பன்றித் தடம் கண்டால் நிற்கிற நிலை அது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டான். சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான்.

கொல்ல அவளால் முடியாது. மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒருவர் கேட்டார். அங்கே தெருவுக்குத் தெரு ஆடு. மரக்காணத்து உப்பளத்தில் காவலுக்கு இருக்கும் சக்கரபாணி என்பவர், மோட்டார் திருட்டு அதிகமாக இருக்கிறது, நல்ல நாய் ஒன்று கிடைக்குமா என்று ஒரு தரம் கேட்டு அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அவருக்குப் போன் செய்தாள்.

மறுநாள் காலையில் அறிவுச்செல்வன் தானாகவே வண்டியை வெளியே எடுத்தான். சூரனை இருவருக்கும் நடுவில் உட்காரவைத்து, அவன் இடுப்போடும் அவள் இடுப்போடும் சேர்த்துத் துண்டால் கட்டினார்கள். அதற்கு வண்டிப் பயணம் புதிது. வழியெல்லாம் மூக்கைக் காற்றில் நீட்டி, கோழிப்பண்ணையையும் முந்திரித் தோப்பையும் கருவாட்டுக் கடையையும் ஒவ்வொன்றாக மோந்துகொண்டே வந்தது. அவள் கையை அதன் நெஞ்சுக்குக் கீழே கொடுத்துப் பிடித்திருந்தாள். உள்ளே அடித்துக்கொள்வது கையில் தெரிந்தது.

உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. ஓரத்தில் உப்புக் குவியல்களின் மேல் ஓலை போர்த்தியிருந்தது. மரம் என்று ஒன்று இல்லை. சக்கரபாணி தகரக் கொட்டகையிலிருந்து வந்தார். வெயிலில் கறுத்து உலர்ந்த மனிதர். சூரனைச் சுற்றி வந்து, கால் பாதத்தைத் தூக்கிப் பார்த்து, நெஞ்சைத் தட்டினார்.

"ஐயோ, இன்னா நாயிம்மா இது! இந்த மாதிரி நாய யாருனா சும்மா குடுப்பாங்களா? ஏன் குடுக்கறீங்க?"

அறிவுச்செல்வன் அவளைப் பார்த்தான். எதையாவது சொல்லிவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. இடம் பற்றவில்லை, மகள் வீட்டுக்குப் போகிறோம், ஏதாவது ஒன்று. இவர் வேண்டாம் என்றால் கொண்டுபோக வேறு இடமில்லை.

"ஆட்டக் கடிச்சிடுச்சிங்க" என்றாள் லூர்துமேரி. "மூணு. ஒண்ணு சினை. நான் அத மறைச்சேன். அதனால ஒரு பெரியவரோட நாயி காலு போச்சி. ஆடு இருக்கற எடத்துல இனிமே இவன வெக்க முடியாது. அதான்."

சக்கரபாணி நாயின் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறிவுச்செல்வன் தரையைப் பார்த்தான்.

"இங்க ஆடு எங்க வரும்?" என்றார் கடைசியில். "உப்புல இன்னா மேயும்?" சங்கிலிக்குக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். பச்சைக் கறி ஆகாது. கேப்பைக் கூழ், ஆறவைத்து. பத்து நாளைக்கு அவிழ்க்கக் கூடாது. கோபம் வந்தாலும் கம்பால் தட்டக் கூடாது, பேர் சொன்னால் போதும். சூரன். சக்கரபாணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு சங்கிலியை அவர் கையில் வைத்தாள்.

சூரன் புது மனிதரை ஒருமுறை மோந்தது. பிறகு பழக்கப்படி மூக்கைத் தரையில் வைத்துக் கரையோரமாக நடந்தது. நாலு அடி போய் நின்று தும்மியது. இன்னும் கொஞ்சம் தள்ளி மூக்கை வைத்து மறுபடி தும்மியது. தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தது. என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. வந்த வழியே திரும்பி லூர்துமேரியிடம் வரப் பார்த்தது; சங்கிலி இழுத்தது.

"உப்புக் காத்து மூக்குல ஏறுது. பழகிடும்மா" என்றார் சக்கரபாணி. "எங்களுக்கே ஒரு மாசத்துல ஒரு வாடையும் தெரியாமப்பூடும்."

அறிவுச்செல்வன் வண்டியைக் கிளப்பினான். எட்டு நாளாகப் பேசாதவன், திரும்பாமலே, "ஏறு மேரி" என்றான். அவள் ஏறி, நடுவில் சூரன் இருந்த இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். வண்டி ரோட்டைத் தொட்ட பிறகுதான் முன்னால் நகர்ந்து, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.